வட்டத்தில் ஒரு கீறல்

நாய்க்குட்டி வருவதற்கு முன்பே அதற்குத் தட்டு வந்துவிட்டது. ஓரம் மடித்த அலுமினியத் தட்டு. மாடிப்படிக்கு அடியில் பழைய சாக்கை நான்காக மடித்துப் போட்டு, பக்கத்தில் தட்டை வைத்து, சீல்கடைக்காரி தினமும் அதைத் துடைத்துக்கொண்டிருந்தாள். யாருமே சாப்பிடாத தட்டை எதற்குத் துடைக்கிறாய் என்று கேட்க அந்த வீட்டில் ஒரே ஒரு ஆள்தான் உண்டு. அந்த ஆள் மாடியை விட்டு இறங்கி ஐந்து மாதம் ஆகிறது.

அவள் புருஷனைத்தான் சொல்கிறேன். தெருவுக்கே அவர் மாஸ்டர். ரப்பர் சீல் செய்கிறவர். பள்ளிக்கூடம், ஆஸ்பத்திரி, வக்கீல், சங்கம், மளிகை என்று அந்த வட்டாரத்தில் எந்தக் காகிதத்தில் ஊதா மை தெரிந்தாலும் அது மாஸ்டர் கை பட்டதாகத்தான் இருக்கும். எழுத்துகளைக் கோத்து நெகட்டிவ் எடுத்து, வெளிச்சத்தில் ரப்பராக இறுகும் பிசினை ஊற்றி, விளக்குப் பெட்டியில் வைத்துச் சுட்டு, கழுவி, பிடியில் ஒட்டுவார். கடைசியில் ஒரு வேலை செய்வார். வட்ட சீலாக இருந்தால் வெளிவட்டத்தில், கடிகாரத்தில் ஏழு இருக்கிற இடத்தில், பிளேடு நுனியால் மயிரிழை மாதிரி ஒரு கீறல். தெரிந்தவன் கண்ணுக்குத்தான் தெரியும். "நம்ம பிள்ளைக்கு நாம வைக்கிற மச்சம்" என்பார்.

அப்படிப்பட்ட மனுஷனைப் பட்டப்பகலில் அடித்துப் போட்டார்கள். அவள் ரொட்டி வாங்கப் போயிருந்த இருபது நிமிஷம். இரண்டு பேர். அவருடைய பழைய அச்சு இயந்திரத்தின் இரும்புக் கைப்பிடியைக் கழற்றி அவர் தலையிலேயே போட்டு, கல்லாவைக் காலி பண்ணிக்கொண்டு நிதானமாக நடந்து போயிருக்கிறார்கள். எதிர்க்கடையில் சாவிக்காரர் உட்கார்ந்து அரத்தால் ராவிக்கொண்டிருந்தார். முப்பது அடி தூரம்கூட இல்லை. அவருக்கு ஒன்றும் கேட்கவில்லை. போலீஸ் வந்து எழுதிக்கொண்டு போனது. எழுதியது எழுதினபடியே இருக்கிறது.

"வாயத் தொறந்தேன். சத்தமே வரல" என்று மாஸ்டர் சொல்வார். தையல் பிரித்த பிறகும் அதையேதான் சொன்னார். "அடிச்சது கூடப் பரவால்ல. கத்தணும்னு நெனைக்கிறேன், தொண்டைக்குள்ள யாரோ துணியத் திணிச்ச மாதிரி."

அதற்கப்புறம் பட்டறை மாடிக்குப் போனது. விளக்குப் பெட்டியும் தொட்டியும் அவரும் மேலே. கல்லாவும் அவளும் கீழே. கடைக்குள்ளிருந்தே மேலே போகிற படி, படி முடிகிற இடத்தில் கதவு, அந்தக் கதவுக்கு இப்போது மூன்று தாழ்ப்பாள். அவள் கடையில் இருந்தால் சும்மா சாத்தி வைத்திருப்பார். அவள் வெளியே காலை வைத்தால் டக், டக், டக். தெருப் பக்கத்து ஜன்னலைத் திறந்தே பார்க்கவில்லை. பகலிலும் குழல்விளக்கில்தான் வேலை. மேல்தளத்தில் முன்பு சரக்கு ஏற்றுவதற்காக விட்டிருந்த சதுர ஓட்டை வழியாக ஒரு கயிறு, கயிற்றில் கூடை, கூடைக் காதில் ஒரு மணி. ஆர்டர் சீட்டு மேலே போகும், சீல் கீழே வரும். சீட்டைப் பார்த்துவிட்டால் இரண்டு முறை மணி அடிப்பார். புருஷனும் பெண்டாட்டியும் பேசிக்கொள்வதே பாதி அந்தக் கூடையில்தான் என்று சாவிக்காரர் கிண்டல் செய்வார்.

"ஒரு நாய் இருந்திருந்தா அதாவது குரைச்சிருக்கும்" என்று ஒரு நாள் மாஸ்டர் சொன்னார். சொல்லிவிட்டு அதையே பிடித்துக்கொண்டார்.

சாவிக்காரர் தன் கடைக்குப் பின்னால் தெருநாய் போட்ட நாலு குட்டியில் ஒன்றைத் தருவதாகச் சொன்னார். மாஸ்டருக்கு அது ஆகவில்லை. கழுத்துத் தடித்து, மார் அகன்று, பார்த்தாலே ஒருத்தன் இரண்டடி பின்னால் போகிற ஜாதியாக இருக்க வேண்டும். போனில் தேடித் தேடி ஒன்றைப் பிடித்துவிட்டார். கருப்புக் குட்டி, நெற்றியில் வெள்ளைப் பொட்டு, முன்காலைத் தூக்கிக்கொண்டு கேமராவைப் பார்க்கிறது. அந்தப் படத்தைப் பார்த்து அவர் சிரித்தார். ஐந்து மாதத்தில் முதல் சிரிப்பு. அதைப் பார்த்த பிறகு அவள் வேண்டாம் என்று எந்த வாயால் சொல்வாள்?

விற்கிறவள் ஒரு பெண். குரல் அப்படியே வெல்லப்பாகு. ஊர் தூரம், குட்டி விமானத்தில் வரும், வீட்டு வாசலில் கொண்டுவந்து கொடுப்பார்கள், பாதிப் பணம் முன்னால், பாதி வந்த பிறகு. போய்ப் பார்த்து வாங்கலாம் என்றால் மாஸ்டரால் படி இறங்க முடியாது. அவள் போய் வரலாம் என்றால் ஒரு நாள் முழுக்க அவர் தனியாக இருக்க வேண்டும். அரை மணி நேரத்துக்கே தாங்காதவர்.

சாவிக்காரர் விடவில்லை. "தங்கச்சி, பாக்காம பொண்ணு கட்டினவன்கூட உண்டு, பாக்காம நாய் வாங்கினவன நான் பாத்ததில்ல. அந்தப் பொம்பளைய வீடியோவுல வரச் சொல்லு. குட்டியக் கையில வச்சிக்கிட்டு, இன்னிக்குத் தேதி போட்ட பேப்பரப் பக்கத்துல காட்டச் சொல்லு."

அவள் கேட்டாள். போனில் அந்தக் குரல் சிரித்தது. "மேடம், குட்டிக்கு இப்பதான் கண்ணு தெளிஞ்சிருக்கு. வீடியோ வெளிச்சம் ஆகாது. டாக்டர் ஸ்டிரிக்டா சொல்லியிருக்காரு."

"படம் மட்டும் எடுத்திருக்கீங்களே?"

"அது ஜன்னல் வெளிச்சத்துல எடுத்தது மேடம். சந்தேகமா இருந்தா வேணாம். இன்னொரு பார்ட்டி வெயிட்டிங்ல இருக்காங்க. உங்க வீட்டுக்காரருக்கு ஒடம்பு சரியில்லன்னு சொன்னீங்களேன்னுதான் உங்களுக்காக நிறுத்தி வச்சேன்."

இதைக் கேட்டுவிட்டு சாவிக்காரர், "கண்ணு தெளிஞ்ச குட்டிக்கு வெளிச்சம் ஆகாதாமா? என் காதுல பூ இருக்கா பாரு" என்றார். அவளுக்கும் மனசு இடித்தது. மாடியேறிப் போய், இது வேண்டாம் என்று சொல்லிவிடுவோம் என்று இரண்டு படி ஏறினாள். அதே நேரம் போன் டிங் என்றது. குட்டியின் பயண அனுமதிச் சான்றிதழ் வந்திருந்தது. கீழே வலது மூலையில் வட்டமாக ஊதா சீல்: விலங்குப் பயண அனுமதி அலுவலகம்.

மாடியில் மாஸ்டர் போனை வாங்கினார். பூதக்கண்ணாடியை அதன் மேல் வைத்தார். பார்த்தார், படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தார். பிறகு அவர் முகம் மலர்ந்த மலர்ச்சி இருக்கிறதே, அதை அவள் சாகிற வரை மறக்க மாட்டாள்.

"இங்க வா. ஏழு மணி எடத்தப் பாரு. தெரியுதா?"

கீறல் தெரிந்தது.

"நம்ம சீல்! எப்பன்னு ஞாபகமில்ல, ஆனா என் கையால செஞ்சது. ஏதோ ஒரு ஆபீசுக்குப் போயிருக்கு பாரேன், அது நம்ம நாய்க்குட்டி மேலயே வந்து விழுந்திருக்கு."

"நெசமாவா?"

"என் மச்சம் எனக்குத் தெரியாதா? லெட்டர் இல்லாம நாம ஆபீசு சீல் செய்வோமா? நீதான் விட்டுடுவியா? அப்ப ஆபீசு நெசம். ஆபீசு நெசம்னா பேப்பர் நெசம். பேப்பர் நெசம்னா குட்டி நெசம். பணத்த அனுப்பு."

அவளும் அனுப்பினாள். உலகத்தில் வேறு யாராவது அந்தச் சான்றிதழைப் பார்த்திருந்தால் நம்பாமல் இருந்திருப்பார்களோ என்னவோ. அவர்கள் இரண்டு பேரும் நம்பினார்கள். அவள் கீறலை நம்பினாள், அவர் அவளை நம்பினார்.

மறுநாள் தட்டு வாங்கி வந்தாள்.

அதற்கடுத்த நாளிலிருந்து ஆரம்பித்தது. குட்டி ஏறுகிற இடத்தில் குளிர் அதிகம், சூடு தருகிற கூண்டு வேண்டும், அதற்குப் பணம்; குட்டி இறங்கியதும் திரும்பத் தந்துவிடுவார்களாம். அனுப்பினாள். பிறகு வழியில் தடுப்பூசி. அதையும் அனுப்பினாள். மாஸ்டர் மாடியிலிருந்து கூடையில் சீட்டு அனுப்புவார்: 'குட்டி கிளம்பிச்சா?' 'இப்ப எங்க இருக்கும்?' ஒரு சீட்டில் ஒன்றும் எழுதாமல் நாய் படம் வரைந்து அனுப்பியிருந்தார்.

நான்காவது நாள் மத்தியானம் அந்தக் குரலில் வெல்லம் இல்லை.

"மேடம், குட்டி சரக்குக் கிடங்குல மாட்டிக்கிச்சு. தனிமைப்படுத்தற கட்டணம் கட்டணும். சாயங்காலம் அஞ்சு மணிக்குள்ள."

"இதோட மூணாவது தடவ கேக்கறீங்கம்மா. எங்ககிட்ட இல்ல."

"இல்லன்னா குட்டிக்குத் தண்ணி வைக்க மாட்டாங்க. அது செத்துச்சுன்னா, அனாதையா விட்டதுன்னு உங்க மேலதான் கேஸ் வரும். வாங்கினவங்க பேரு, விலாசம் எல்லாம் பேப்பர்ல இருக்கு. ஆள் நேர்ல வருவாங்க. கடை மாடிதானே நீங்க?"

போன் வைக்கப்பட்டுவிட்டது. ஆள் நேரில் வருவார்கள் என்ற வார்த்தை மட்டும் மாஸ்டர் காதில் விழுந்துவிடக் கூடாது என்று நினைத்தாள். ஆனால் போன் ஸ்பீக்கரில் இருந்தது; ஓட்டைக்குப் பக்கத்தில் உட்கார்ந்து அவர் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டுதான் இருந்தார்.

"அது தண்ணியில்லாம கெடக்குமா?" என்று மேலிருந்து குரல் வந்தது. குரலா அது, காற்று. "கட்டிடு. எதையாவது வித்துக் கட்டிடு. இங்க ஆள் வர வேணாம்."

அப்போதுதான் அவளுக்கு ஒரு யோசனை வந்தது. நம்ம சீல் என்றால் நம்ம நோட்டில் இருக்குமே! அந்த ஆபீசுக்கு நாமே நேராக போன் போட்டு, ஐயா, எங்கள் குட்டி உங்கள் கிடங்கில் இருக்கிறதாம், கொஞ்சம் தண்ணீர் வையுங்கள் என்று சொன்னால் என்ன?

சீல்கடையில் அது ஒரு பழக்கம். எந்த சீல் செய்தாலும் முதல் முத்திரை வாடிக்கைக்காரர் காகிதத்தில் விழாது. கடையின் பெரிய நோட்டில்தான் விழும். பக்கத்தில் தேதி, வாங்கியவர் போன் நம்பர், அவள் கையெழுத்து. ஆபீஸ் சீலாக இருந்தால் அந்த ஆபீஸ் கொடுத்த கடிதத்தின் நகலைக் குண்டூசி குத்திச் சேர்த்திருப்பாள். கடிதத்தைக் கேட்டு வாங்குவது அவள் வேலை. செய்வது அவர் வேலை. ஒருத்தர் வேலையில் ஒருத்தர் தலையிடுவதில்லை.

எண்பத்தாறாம் பக்கத்தில் இருந்தது. வட்டம் பளிச்சென்று விழுந்திருந்தது. ஏழு மணியில் கீறல். ஆனால் ஊசியும் இல்லை, நகலும் இல்லை. கடிதம் என்று இருக்கிற இடத்தில் அவளே தன் கையால் எழுதியிருந்தாள்: 'பிறகு'.

தேதியைப் பார்த்தாள். மாஸ்டர் அடிபட்டு ஒன்பதாவது நாள்.

ஞாபகம் வந்துவிட்டது. கடையைத் திறந்து, தன்னந்தனியாகக் கல்லாவில் உட்கார்ந்து, யார் வாசலில் நின்றாலும் கைகால் உதறிக்கொண்டிருந்த நாட்கள். முதல் வாடிக்கைக்காரராக வந்தவர் ஒரு நல்ல மனுஷன். அப்படித்தான் அவரைப் பற்றி அவள் மாஸ்டரிடம் சொன்னாள், நல்ல மனுஷன் என்று. இஸ்திரி போட்ட சட்டை, பையில் இரண்டு பேனா, அடக்கமான பேச்சு. அவள் கை நடுங்குவதைப் பார்த்து, தானே ஸ்டூலை இழுத்து அவளுக்குப் போட்டு, 'பதட்டப்படாதீங்கக்கா' என்றார். ஆபீஸ் லெட்டர்பேடு அச்சுக்குப் போயிருக்கிறது, கடிதத்தை நாளை கொண்டுவருகிறேன் என்றார். அந்த ஆதரவான பேச்சுக்கு முன்னால் கடிதம் எங்கே என்று கறாராகக் கேட்க அவளுக்கு வாய் வரவில்லை. மறுநாள் சீலை வாங்கிக்கொண்டு போனார். கடிதம் வரவில்லை. அவளும் மறந்து போனாள்.

நோட்டில் இருந்த நம்பருக்குப் போன் போட்டாள். அப்படி ஒரு நம்பரே இல்லை என்றது.

ஆபீஸ் இல்லை. கிடங்கு இல்லை. குட்டியும் இல்லை. அவர்களை அறுத்த கத்தியை அவர்கள்தான் தீட்டிக் கொடுத்திருக்கிறார்கள்.

நோட்டோடு மாடியேறிப் போய் மாஸ்டரிடம் காட்டினாள். அவர் பூதக்கண்ணாடியை அந்தப் பக்கத்தின் மேல் வைத்தார்.

"நீ லெட்டர் பாக்கலியா?"

"இல்லங்க."

"என்கிட்ட ஒரு வார்த்த சொல்லியிருக்கலாமே?"

"தலையில கட்டோட உக்காந்திருந்தீங்க. முதல் வேல வந்திருக்குன்னு சொன்னதும் எவ்ளோ சந்தோஷப்பட்டீங்க. எப்படிச் சொல்லுவேன்?"

அவர் திட்டவில்லை. திட்டியிருந்தால்கூடத் தேவலை. பக்கத்தின் ஓரத்தை விரலால் தடவிக்கொண்டே, "கிழிச்சிடு" என்றார். "போலீசுக்குப் போனா மொதக் கேள்வி, சீலு யாரு செஞ்சதுன்னுதான். பொய் சீல் செஞ்சவனுக்கு என்ன தண்டனைன்னு தெரியுமா உனக்கு? கடையையும் மூடுவான், நம்மளையும் உள்ள வைப்பான். பணம் போனா போயிட்டுப் போவுது. கிழிச்சுத் தொட்டியில போட்டுக் கரைச்சிடு."

அவள் பக்கத்தைப் பிடித்தாள். கிழிக்கவில்லை. தைரியம் என்று நினைத்துவிடாதீர்கள். கிழித்தால் எண்பத்தைந்துக்கு அடுத்து எண்பத்தேழு வரும், அது இன்னும் பெரிய சாட்சி என்று பயந்தாள். கிழித்தாலும் பயம், கிழிக்காவிட்டாலும் பயம். அந்த முடிவில்லாத முடிவோடு மூன்று நாள் போனது. வாசலில் வண்டி நின்றால் இரண்டு பேருக்கும் மூச்சு நின்றது. அந்தப் பெண் மறுபடி இரண்டு முறை கூப்பிட்டாள், எடுக்கவில்லை. மாஸ்டர் ரொட்டியைப் பாலில் நனைத்து நனைத்து வைத்துவிட்டுச் சாப்பிடாமல் விட்டார். ஒரு தடவை, "அந்தக் கருப்புக் குட்டி எங்கயாவது இருக்கும் இல்ல? படம் எடுத்திருக்கான்னா ஒரு குட்டி இருந்துதானே ஆகணும்?" என்று கேட்டார். அவள் நனைந்த ரொட்டியை எடுத்துக்கொண்டு கீழே இறங்கினாள்.

நான்காம் நாள் பிற்பகல் மூன்று மணிக்கு அந்த நல்ல மனுஷன் கடைக்கு வந்தான்.

"என்னக்கா, சௌக்கியமா? ஞாபகம் இருக்கா?"

அதே இஸ்திரிச் சட்டை. அதே இரண்டு பேனா. அவள் எழுந்தாள். எழுந்தது அவளுக்கே தெரியாது.

"இருக்கு சார். வாங்க."

"மாஸ்டர் தலை எப்படி இருக்கு? ஆறிடுச்சா?"

"ஆறிடுச்சு சார்."

இவன் தெரிந்து வந்திருக்கிறானா, தெரியாமல் வந்திருக்கிறானா? ஆள் நேரில் வருவார்கள் என்றாளே, அந்த ஆள் இவன்தானா? அவள் அவன் முகத்தைத் துழாவினாள். அதில் ஒன்றுமே இல்லை. மழை வருமா என்று பார்க்கிறவன் மாதிரி தெருவைப் பார்த்துக்கொண்டு நின்றான்.

"அன்னிக்குச் செஞ்சு குடுத்தீங்களே, அருமையான சீல்க்கா. ஒரு எழுத்து பிசிறு கிடையாது. இன்னொண்ணு வேணும். அதே அளவு, அதே வட்டம். பேரு மட்டும் வேற. எழுதிக்கிறீங்களா?"

"சொல்லுங்க சார்."

"விலங்கு நோய்த் தடுப்பு, அபராதப் பிரிவு."

அபராதம். அடுத்தவர்களிடம் அடுத்த பணம் கேட்பதற்கு. அவள் பேனாவை எடுத்தாள். கை நடுங்கினால் அவனுக்குத் தெரிந்துவிடும் என்று மணிக்கட்டை மேஜை விளிம்பில் அழுத்தி வைத்துக்கொண்டு எழுதினாள். அவன் குனிந்து, எழுதுவதையே பார்த்தான். 'இவன்தான்' என்று ஒரு வார்த்தை எழுதக்கூட வழியில்லை.

"லெட்டர் கொண்டு வந்திருக்கீங்களா சார்?"

"அய்யய்யோ, அவசரத்துல வந்துட்டேன்க்கா. நாளைக்குக் குடுத்துடறேன். நமக்குள்ள என்ன?"

"பரவால்ல சார்."

பழைய சீல் மாதிரியே இன்னொன்று கேட்டால், சீட்டின் அடியில் பழைய பக்கத்தின் எண்ணை எழுதி அனுப்புவது கடை வழக்கம். அவள் எழுதினாள்: 'அளவு, எழுத்து எல்லாம் பக்கம் 86 மாதிரி. ஆள் காத்திருக்கார்.'

அவன் அதைப் படித்தான். "கரெக்ட்" என்றான்.

சீட்டைக் கூடையில் போட்டுக் கயிற்றை இழுத்தாள். மணி குலுங்கிக்கொண்டே கூடை மேலே போனது. ஓட்டையில் நீண்ட மாஸ்டர் கை சீட்டோடு மறைந்தது. சத்தம் இல்லை.

"எவ்ளோ நேரமாகும்க்கா?"

"ஒரு மணி நேரம். உக்காருங்க சார்."

அவன் ஸ்டூலில் உட்கார்ந்தான். மேலே இன்னும் சத்தம் இல்லை. வழக்கமாக எண்ணி ஐந்துக்குள் இரண்டு மணி வந்துவிடும். அவள் ஐந்து எண்ணினாள், பத்து எண்ணினாள், இருபது எண்ணினாள். மயங்கி விழுந்துவிட்டாரோ? அல்லது பயத்தில் அன்றைக்கு மாதிரி தொண்டை அடைத்து உட்கார்ந்திருக்கிறாரோ?

அவன் கண் படிக்கட்டுக்குக் கீழே போனது. சாக்கு. தட்டு.

"நாய் வளக்கறீங்களா?"

"இல்ல சார். வாங்கலாம்னு... பக்கத்துல ஒரு தெருக்குட்டி இருக்கு."

"நல்லதுக்கா. பாத்து வாங்குங்க. இப்பல்லாம் நெறைய ஏமாத்தறாங்க" என்றான் அவன், உண்மையான கரிசனத்தோடு. அப்போதுதான் அவளுக்குப் புரிந்தது: இவனுக்குத் தெரியாது. அந்தப் பெண் யார் யாரிடம் பேசுகிறாள் என்பது இவன் வேலை இல்லை. காகிதம் தயாரிப்பது மட்டும் இவன் வேலை, மாஸ்டர் மாதிரி.

மேலே டக் என்றது.

டக்.

டக்.

மூன்று தாழ்ப்பாளும் விழுந்தன. பின்னாலேயே மணி இரண்டு முறை அடித்தது.

"என்னக்கா சத்தம்?"

"வேல ஆரம்பிச்சா கதவத் தாழ் போட்டுக்குவாரு சார். தூசி விழுந்தா எழுத்துப் போயிடும்." இவ்வளவு கோர்வையாகத் தனக்குப் பொய் வரும் என்று அவளுக்கே தெரியாது. "டீ சொல்லிட்டு வரேன், இருங்க."

நோட்டை எடுத்து மார்போடு அணைத்துக்கொண்டாள்.

"டீ சொல்ல நோட்டு எதுக்குக்கா?"

"டீக்கடைக்காரரு கடை பேருல சீல் கேட்டிருக்காரு சார். மாதிரி காட்டணும்."

"ம்" என்றான். அந்த 'ம்'மில் என்ன இருந்தது என்று அவளால் சொல்ல முடியவில்லை.

கடை வாசற்படி மூன்றே அடி. மூன்றடியும் மூன்று தெருவாக நீண்டது. வெளியே வெயிலில் காலை வைத்ததும் திரும்பினாள். எம்பி, ஷட்டரின் விளிம்பைப் பிடித்துத் தொங்கினாள். பாதி வந்து மாட்டிக்கொண்டது பாழாய்ப் போன ஷட்டர். உள்ளே ஸ்டூல் உருளுகிற சத்தம். "அண்ணே!" என்று அலறினாள். சாவிக்காரர் அரத்தைப் போட்டுவிட்டு ஓடிவந்தார். அவர் பாரமும் சேர்ந்ததும் ஷட்டர் தடதடவென்று இறங்கித் தரையில் மோதியது. கொள்ளை நடந்த பிறகு அவரே மாட்டிக் கொடுத்த பூட்டு. ஒரே அழுத்து.

"யாரு தங்கச்சி உள்ள?"

"குட்டி வித்தவங்க ஆளு. போலீசுக்குப் போன் போடுங்கண்ணே. சீக்கிரம்."

உள்ளேயிருந்து அவன் தட்டினான். கோபமாக இல்லை, பக்கத்து வீட்டுக் கதவைத் தட்டுகிற மாதிரி மெதுவாக.

"அக்கா. எதுக்கு இதெல்லாம்? தொறங்க. போலீஸ் வந்தா அந்த நோட்டத்தான் கேப்பாங்க. அதுல என் கையெழுத்து இல்ல, உங்க கையெழுத்துதான் இருக்கு. சீல் செஞ்சது உங்க வீட்டுக்காரரு. நான் ஒரு வாடிக்கைக்காரன், அவ்வளவுதான். யோசிச்சுப் பாருங்க."

அவள் யோசித்தாள். அவன் சொன்னதில் ஒரு எழுத்து பிசிறு கிடையாது. பூட்டில் இருந்த சாவியை அவள் விரல் இன்னும் விடவில்லை. திருப்பினால் அவன் போய்விடுவான். எண்பத்தாறாம் பக்கமும் அவனோடு போய்விடும்.

அவள் சாவியை உருவி சாவிக்காரர் கையில் கொடுத்தாள்.

அதற்குள் உள்ளே படியில் காலடிச் சத்தம் கேட்டது. அவன் மாடிக்கு ஏறுகிறான். மேல் கதவில் தோளால் மோதினான். ஒரு மோதல். இன்னொன்று. கதவுக்கு அந்தப் பக்கம் மாஸ்டர் தனியாக. எந்த நிமிஷத்தை நினைத்து ஐந்து மாதமாக அவர் நடுங்கினாரோ அந்த நிமிஷத்தை அவளே பூட்டி உள்ளே விட்டிருக்கிறாள்.

"என்னங்க!" என்று தெருவில் நின்று கத்தினாள். "என்னங்க!"

மாடி ஜன்னல் அசைந்தது. ஐந்து மாதத் தூசி பொடிப்பொடியாய் உதிர்ந்தது. இரண்டு கையும் வெளியே வந்தன, அப்புறம் தலை. வெயில் பட்டுக் கண்ணை மூடிக்கொண்டு, தழும்பு தெரிய, வாயைத் திறந்தார்.

முதலில் ஒன்றும் வரவில்லை. உதடு மட்டும் ஆடியது. அவள் கீழே நின்று தானும் வாயைத் திறந்துகொண்டு பார்த்தாள்.

பிறகு வந்தது. பேச்சாக வரவில்லை. அடிவயிற்றிலிருந்து ஒரு சத்தம், இன்னொரு சத்தம், மூச்சு வாங்கிக்கொண்டு மறுபடி. "வாங்க! வாங்க! வாங்க!" அது மட்டும்தான் வார்த்தை. டீக்கடையிலிருந்தும் முனையிலிருந்தும் ஆட்கள் ஓடிவந்தார்கள். கதவில் மோதுகிற சத்தம் நின்ற பிறகும் அவர் நிறுத்தவில்லை. போலீஸ் வண்டி வந்து ஷட்டரைத் திறந்து, இஸ்திரி கசங்காமல் ஸ்டூலில் உட்கார்ந்திருந்த அவனை ஏற்றிய பிறகும் ஜன்னலில் நின்று கத்திக்கொண்டிருந்தார். அவள்தான், "போதுங்க, போதும்" என்று சொல்ல வேண்டியிருந்தது.

போலீஸ்காரர் நோட்டை விரித்து எண்பத்தாறாம் பக்கத்தில் விரலை வைத்தார்.

"இது யாரு எழுத்து?"

"என்னுது சார்."

"கடிதம் பிறகுன்னு போட்டிருக்கு. கடிதம் இல்லாம ஆபீஸ் சீல் செஞ்சு குடுத்திருக்கீங்க."

"ஆமா சார்."

"செஞ்சது?"

அதை மட்டும் அவளால் சொல்ல முடியவில்லை.

"நான்தான்" என்று பின்னாலிருந்து கேட்டது. கத்திக் கத்திக் கம்மிப்போன குரல். மாஸ்டர் கடைசிப் படியில், சாக்குக்கும் தட்டுக்கும் பக்கத்தில், சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றிருந்தார். "ஏழு மணி எடத்துல ஒரு கீறல் இருக்கும் பாருங்க சார். அது என்னுது. அந்த மாதிரி கீறலோட எத்தன பேப்பர் வெளிய சுத்துதுன்னு தெரியல. நான் பாத்தாச் சொல்லிடுவேன்."

போலீஸ்காரர் இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தார். "ரெண்டு பேரும் ஸ்டேஷனுக்கு வரணும். இப்பவே."

"திரும்ப விடுவீங்களா சார்?" என்று அவள் கேட்டாள்.

"அத அங்க வந்து பேசிக்கலாம்."

வண்டியில் ஏறி உட்கார்ந்தார்கள். மாஸ்டர் அவள் கையைப் பிடித்துக்கொண்டார். வண்டி கிளம்பி, டீக்கடையைத் தாண்டி, தெருமுனையில் திரும்பும்போது அவளுக்குத் திடீரென்று ஞாபகம் வந்தது.

"மேல கதவச் சாத்திட்டு வந்தீங்களா?"

அவர் யோசித்தார்.

"இல்ல" என்றார். "மறந்துட்டேன்."